காதுள்ள அறை, கண்ணுள்ள கூடம்

2025 ஜூன் 12 அன்று பிற்பகல் 1.38 மணிக்கு அகமதாபாத்திலிருந்து லண்டன் கேட்விக் நோக்கி எழும்பிய ஏர் இந்தியா 171 விமானம், சில நொடிகளுக்குள் தன் இரண்டு எஞ்சின்களுக்குமான எரிபொருளை இழந்தது. அடுத்த அரை நிமிடத்திற்குள் பி.ஜே. மருத்துவக் கல்லூரி விடுதியின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் பிழைத்தவர் ஒருவரே. தரையில் இருந்தவர்களில் 19 பேர் மாண்டனர். ஒரு மாதம் கழித்து, ஜூலை 12 அன்று, விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு தன் முதற்கட்ட அறிக்கையை வெளியிட்டது. எரிபொருள் விசைகள் இரண்டும் ஒரு நொடி இடைவெளியில் 'ஓட்டம்' என்ற நிலையிலிருந்து 'துண்டிப்பு' என்ற நிலைக்கு மாறின என்றும், பத்து நொடிகளுக்குப் பிறகு அவை ஒவ்வொன்றாகப் பழைய நிலைக்குத் திரும்பின என்றும் அது கூறியது. பிறகு இரண்டு வாக்கியங்கள். ஏன் துண்டித்தாய் என்று ஒரு விமானி மற்றவரைக் கேட்பது குரல் பதிவில் கேட்கிறது. தான் அப்படிச் செய்யவில்லை என்று மற்றவர் பதில் சொல்கிறார்.

கேட்டவர் யார், பதில் சொன்னவர் யார் என்று அறிக்கை சொல்லவில்லை. அவர்கள் பேசிய சொற்களையும் அப்படியே தரவில்லை. நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றும்போது என்னென்ன தொலைந்துபோகும் என்பதைச் சிறுகதை வாசிக்கிற எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. குரலின் ஏற்ற இறக்கம், வாய்க்குள் விழுங்கப்பட்ட பாதிச் சொல், இரண்டு வாக்கியங்களுக்கு இடையிலான மௌனத்தின் நீளம், இவை யாவும் போய் எலும்புக்கூடு மட்டும் எஞ்சியது. அந்த எலும்புக்கூட்டுக்கு உலகமே தசை ஒட்டத் தொடங்கிற்று. சில நாட்களுக்குள் வால் ஸ்ட்ரீட் ஜர்னல், அமெரிக்க அதிகாரிகளின் மதிப்பீட்டை ஆதாரம் காட்டி, விசையை அணைத்தவர் தலைமை விமானியே என்ற பொருள்பட எழுதியது. இந்திய விமானிகள் கூட்டமைப்பு சட்ட அறிவிப்பு அனுப்பியது. அவ்விமானியின் தந்தை, தொண்ணூற்றொரு வயது முதியவர், உச்ச நீதிமன்றத்தின் படியேற நேர்ந்தது. விமானியை யாரும் குறை கூற முடியாது, அந்தப் பாரத்தை நீங்கள் சுமக்க வேண்டாம் என்று 2025 நவம்பரில் நீதிபதிகள் அவரிடம் சொன்னார்கள். ஆறுதலான சொற்கள்தாம். ஆனால் ஐந்து மாதங்கள் அந்த முதியவர் சுமந்ததை அவை இறக்கிவைத்திருக்குமா?

அந்த ஜூலை மாதத்திலேயே பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் தலைமை இயக்குநர் வில்லி வால்ஷ், விமானி அறைக்குள் காணொளிப் பதிவு வேண்டும் என்பதற்கு வலுவான நியாயம் இருக்கிறது என்றார். அவரே முன்னாள் விமானி. உலகெங்கும் விமானிகள் சங்கங்கள் வழக்கம்போல் எதிர்த்தன. வழக்கம்போல் என்று சொல்லக் காரணம் உண்டு. இந்த விவாதத்துக்கு வயது கால் நூற்றாண்டு. 1999 அக்டோபர் 31 அன்று 217 பேருடன் அட்லாண்டிக்கில் விழுந்த எகிப்து ஏர் 990இன் குரல் பதிவில், துணை விமானி ஒருவர் இறைவனை நம்பி ஒப்படைப்பதாகச் சொல்லும் அரபுத் தொடர் மீண்டும் மீண்டும் ஒலித்தது. சாவை முடிவு செய்துவிட்டவனின் கடைசிப் பிரார்த்தனை அது என்று அமெரிக்காவில் பலர் பொருள் கொண்டனர். நாற்காலியில் உட்காரும்போதும் எழும்போதும்கூட எங்கள் ஊரில் சொல்வதுதான் இது என்றனர் எகிப்தியர். 'முருகா' என்று முனகியபடியே திண்ணையிலிருந்து எழுந்திருக்கும் கிழவரை அறிந்த நமக்கு எகிப்தியர் சொன்னது உடனே புரியும். விமானம் விழுந்ததற்கு அந்தத் துணை விமானியின் செயலே காரணம் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2002இல் கூற, இயந்திரக் கோளாறே என்றது எகிப்து. இதனிடையே, 2000ஆம் ஆண்டிலேயே, விமானி அறையில் படப்பதிவுக் கருவி வேண்டும் என்று அதே வாரியம் பரிந்துரைத்துவிட்டது. அதைக் கட்டாயமாக்க அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் இன்றுவரை இசையவில்லை.

குரல் பதிவுக்கும் இதே வரவேற்புதான் கிடைத்தது. அதைக் கண்டுபிடித்த ஆஸ்திரேலியர் டேவிட் வாரன், சிறுவனாக இருந்தபோது, 1934இல், தன் தந்தையை விமான விபத்தில் இழந்தவர். 1950களில் அவர் செய்துகாட்டிய கருவியை, ஒட்டுக்கேட்கும் உளவாளி என்று சொந்த நாட்டு விமானிகளே வெறுத்தார்கள். விளக்கங்களைவிட வசவுகளே அதிகம் பதிவாகும் என்று விமானப்படையினர் கருதியதாகவும் சொல்வர். 1960இல் மக்காய் நகரருகே 29 பேரைப் பலிகொண்ட விபத்துக்குப் பிறகே அந்நாடு அதைக் கட்டாயமாக்கும் வழியில் இறங்கியது. (வாரன் 2010இல் இறந்தபோது அவருடைய சவப்பெட்டியின் மேல், விமானப் பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தவர், திறக்காதீர்கள் என்று எழுதியிருந்தார்களாம். நல்ல மனிதராக இருந்திருக்க வேண்டும்.)

ஆயினும் விமானிகளின் அச்சத்தை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட என்னால் இயலவில்லை. 1988இல் டல்லாஸில் டெல்டா 1141 விமானம் விழுந்தபோது, புறப்படுவதற்கு முன் விமானிகள் பணிப்பெண்களைப் பற்றியும் ஏதேதோ ஊர்க்கதைகளைப் பற்றியும் அரட்டையடித்தது அமெரிக்க ஒலிபரப்புகளில் ஓடியது. அதன் விளைவாக, குரல் பதிவை அப்படியே வெளியிடக் கூடாது என்று அங்கே சட்டமே வந்தது. வெறும் குரலுக்கே இந்த கதி என்றால், சாவதற்கு முந்தைய அரை நிமிடத்தில் ஒரு மனிதனின் முகம் எப்படி இருந்தது என்ற படம் கசிந்தால் என்னவாகும்? அது ஒருபோதும் கசியாது என்று உறுதி சொல்ல இன்று எந்த அரசுக்குத் தகுதி இருக்கிறது? 171இன் விஷயத்தில் இரண்டு வாக்கியங்களையே கட்டிக்காக்க முடியவில்லை. இன்னொரு வாதமும் அவர்களிடம் உண்டு. 2015இல் ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானி ஆல்ப்ஸ் மலையில் மோதியபோது, பூட்டிய கதவும் சீரான மூச்சொலியும் கருவிகளின் தரவுகளுமே நடந்ததைச் சொல்லப் போதுமானவையாக இருந்தன.

அதற்கு எதிராக நான் வைக்க விரும்பும் சான்று ஒன்றுதான். 2014 அக்டோபர் 31 அன்று கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தின் மேல், விர்ஜின் கலாக்டிக்கின் சோதனை விண்ணூர்தி நடுவானில் உடைந்தது. உள்ளே கேமரா இருந்தது. இறக்கையின் வால்பகுதியை மடிக்கும் அமைப்பின் பூட்டை, ஒலியின் வேகத்தைத் தாண்டிய பிறகு திறக்க வேண்டியதை, துணை விமானி அதற்கு முன்பே திறந்துவிட்டது படத்தில் தெளிவாகத் தெரிந்தது. அந்த விபத்தில் அவர் மாண்டார். கதை அங்கேயே முடிந்திருக்கலாம்: விமானியின் தவறு, கோப்பு மூடப்பட்டது. ஆனால் கை எது என்ற ஐயம் தீர்ந்ததாலேயே புலனாய்வாளர்கள் அடுத்த கேள்விக்குப் போக முடிந்தது. ஒரு மனிதக் கையின் ஒரே பிழை ஊர்தியையே உடைக்கும்படி அதை ஏன் வடிவமைத்தீர்கள்? ஒற்றைப் பிழை பேரழிவாகும் வாய்ப்பை எண்ணிப் பார்த்துக் காப்புச் செய்யத் தவறியதே காரணம் என்று, ஊர்தியை உருவாக்கிய நிறுவனத்தின் மேல் விரல் நீட்டியது 2015இல் வந்த அறிக்கை. 171இலோ, முதற்கட்ட அறிக்கைக்குப் பின்னர் பல மாதங்கள் யாருடைய கை என்ற கேள்வியைச் சுற்றியே ஓடின. விசையை எந்தக் கையும் தொடாமலே இருந்திருந்தால், அதைச் சொல்லவும் ஒரு படம் இருந்திருக்கும். இறந்துபோன விமானியின் பக்கம் நின்று சாட்சி சொல்லக்கூடியது எதுவோ அதையே அவருடைய சங்கம் எதிர்க்கிறது என்பதுதான் இதிலுள்ள துயரம்.

இதைத் திருப்பூரில் இருந்துகொண்டு எழுதுகிறவனுக்கு வேறொரு கோணம் தென்படுகிறது. இவ்வூருக்கும் விமானத்துக்கும் உள்ள உறவு, அவசரத்தின் உறவு. கப்பலில் போகவேண்டிய சரக்கு, சாயப்பட்டறையிலோ பிரிண்டிங்கிலோ தாமதமாகிவிட்டால், நட்டத்தைத் தாங்கிக்கொண்டு விமானத்தில் அனுப்புவார்கள். 'ஏர்ல போயிருச்சுங்க' என்று ஓர் ஏற்றுமதியாளர் சொன்னால் அந்த ஆர்டரில் லாபம் போய்விட்டது என்று பொருள். ஆனால் இன்னும் ஆழமான ஓர் உறவு உண்டு. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு விமானி அறைகளின் கதவுகள் குண்டு துளைக்காதவையாக மாற்றப்பட்டன. கதவுக்கு வெளியே நிற்பவர் யார் என்று விமானிகள் உள்ளிருந்தே பார்க்கும் ஏற்பாடும் வந்தது. பல விமானங்களில் அது ஒரு கேமரா. அதாவது, கேமரா விமானி அறைக்குக் காவலாக வெளிப்புறம் பார்த்து நின்றது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்கச் சுங்கத்துறை, பயங்கரவாதத்துக்கு எதிராக இறக்குமதியாளர்களையும் சேர்த்துக்கொள்ளும் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பெட்டிகள் கட்டப்படும் இடமும் கண்டெய்னர் ஏற்றப்படும் இடமும் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று அமெரிக்க வாடிக்கையாளர்கள் எதிர்பார்க்கத் தொடங்கினர். பேக்கிங் பிரிவில் கேமரா வந்தது. அங்கே அது உள்நோக்கிப் பார்த்தது.

பேக்கிங்கில் நுழைந்த கேமரா அங்கேயே நிற்கவில்லை. இன்று ஓரளவு பெரிய எந்தப் பனியன் கம்பெனிக்குள் நுழைந்தாலும் வாசலில், கட்டிங் மேசைக்கு மேலே, தையல் லைன்களின் இரு முனைகளிலும், செக்கிங்கில், அயர்னிங்கில் என்று கண்கள் இருக்கின்றன. முதலாளி தன் அலைபேசியிலேயே எல்லாவற்றையும் பார்க்கிறார். திருமண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில், மூன்றாவது லைனில் ஓவர்லாக் மிஷின் ஒன்று ஆளில்லாமல் நிற்பதைக் கண்டு சூப்பர்வைசரை அழைத்துக் கேட்ட ஒருவரை எனக்குத் தெரியும். நல்லவர்தான். தீபாவளி போனஸை ஒருநாளும் தள்ளிப்போட்டதில்லை. அவரைப் பொறுத்தவரை அது தன் வீட்டைத் தான் பார்ப்பது போன்றது. எழுந்து போன அந்தப் பெண், ஊரிலிருந்து வந்த அழைப்பை எடுக்கப் போனாளா, கழிவறைக்குப் போனாளா என்று படம் சொல்லாது. எத்தனை நிமிடம் என்று மட்டும் சொல்லும்.

இங்கே ஒரு விநோதமான தலைகீழ் நிலை இருப்பதைக் கவனிக்கலாம். விமானி அறையில் காது இருக்கிறது, கண் இல்லை. பனியன் கம்பெனியில் கண் இருக்கிறது, காது இல்லை. நான் பார்த்த கம்பெனிகளில் பதிவாவது பெரும்பாலும் ஒலியற்ற படமே. அதிலும் ஐம்பது மிஷின்களின் இரைச்சலில் என்ன கேட்டுவிடப் போகிறது? தையல் கூடத்தில் ஒரு பெண்ணுக்கு நேரும் கொடுமைகளில் பெரும்பகுதி சொல்லால் நேர்வது. பீஸ் குறைந்ததற்கு வசவு, சாதியைத் தொட்டு ஒரு குத்தல், காதருகே குனிந்து ஒரு ஆபாசம். கேமராவின் படத்தில் இவை எப்படித் தெரியும்? ஒரு சூப்பர்வைசர் மிஷினருகே நின்று வேலையைக் கவனித்தார் என்றுதான் தெரியும். விமானியின் சொல் இருந்தும் செயல் தெரியாததால் அவர் குற்றவாளியாக்கப்பட்டார். இங்கே செயல் தெரிந்தும் சொல் இல்லாததால் குற்றவாளி தப்புகிறான்.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில், நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை செய்த இருபது வயதுத் தலித் பெண் கொல்லப்பட்டாள். கொலைக் குற்றம் அவளுடைய சூப்பர்வைசர் மீது சாட்டப்பட்டது. அவன் மாதக்கணக்கில் தொல்லை தந்துவந்தான் என்று குடும்பத்தாரும் உடன் வேலை செய்தவர்களும் சொன்னார்கள். திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸின் ஆலை அது. அதன் பிறகு, 2022 ஏப்ரலில், அந்த நிறுவனமும், பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியனும், எச் அண்ட் எம் முதலான பன்னாட்டு நிறுவனங்களும் கையொப்பமிட்ட திண்டுக்கல் ஒப்பந்தம் உருவானது. அதில் என்னைக் கவர்ந்த ஏற்பாடு ஒன்று உண்டு. 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் வீதம், தொழிலாளர்களிலிருந்தே தெரிவு செய்யப்பட்டு, தொழிற்சங்கத்திடம் பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர்கள். கண்ணும் காதும் உள்ள மனிதர்கள், கீழிருந்து மேல்நோக்கிப் பார்ப்பவர்கள். மேல்மூலையில் மாட்டிய கேமராவால் ஒருபோதும் பார்க்க முடியாத திசை அது.

காணொளி பெட்டியை விட்டு வெளியே வந்தால் என்ன செய்யும் என்பதும் இவ்வூருக்குத் தெரியும். 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பிகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று சில காணொளிகள் பரவின. வேறெங்கோ, வேறெவரோ போட்ட சண்டைகளின் படங்களுக்குத் திருப்பூர் என்றும் கோவை என்றும் பெயர் சூட்டியிருந்தார்கள். பயம் என்னவோ உண்மையானது. ரயில் நிலையத்தில் கூட்டம் திரண்டது. ஹோலிக்கு ஊர் திரும்புகிறவர் யார், அஞ்சி ஓடுகிறவர் யார் என்று பிரித்தறிய முடியவில்லை. பிகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. பொய் பரப்பியவர்கள் கைதானார்கள். படம் பொய் சொல்லாது என்ற பழைய நம்பிக்கை அந்த வாரத்தில் இங்கே பல நிட்டிங் மிஷின்களை நிறுத்திவைத்தது.

ஆகவே, கேமரா வேண்டுமா வேண்டாமா என்பதைவிட, பதிவின் சாவி யாரிடம் என்பதே இதில் முதற்கேள்வி. விமானிகள் இதற்கு ஏற்கெனவே ஒரு விடையை வென்றெடுத்திருக்கிறார்கள். பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13ஆம் இணைப்பு, விபத்துப் பதிவுகளைப் புலனாய்வு அல்லாத காரியங்களுக்குத் தரக் கூடாது என்கிறது. தந்தே ஆக வேண்டுமானால், அதற்குரிய அதிகாரியோ நீதிமன்றமோ அதனால் வரும் நன்மையையும் தீமையையும் எடைபோட்டுச் சொல்ல வேண்டும். புலனாய்வின் நோக்கம் பழி சுமத்துவதல்ல என்பதும் அதே இணைப்பின் வாசகம். விமான நிறுவனத்தின் முதலாளி கைபேசியில் அமர்ந்து தன் விமானிகள் பேசுவதைக் கேட்க முடியாது. குரல் பெட்டிக்குள் கிடக்கும், மேலே மேலே பதிவாகி அழியும், விபத்து நேர்ந்தால் மட்டுமே திறக்கப்படும். இந்த அரண் பின்னர் வந்த எந்தத் தொழிலாளிக்கும் கிடைக்கவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மையே. ஆனால் 2023இன் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை தொடர்பான காரியங்களுக்கும், முதலாளியை நட்டத்திலிருந்து காப்பதற்கும் என்றால் தொழிலாளியின் சம்மதம் இல்லாமலே தரவைக் கையாள இடம் தருகிறது. நட்டம் என்ற சொல்லுக்குள் அடங்காதது எது? ஒரு பெண் ஏழு நிமிடம் எழுந்து போனதும் நட்டம்தான்.

என் நிலைப்பாட்டை மறைக்க விரும்பவில்லை. விமானி அறையில் படப்பதிவு வேண்டும். முகத்தை விட்டுவிட்டு, விசைகளும் கைகளும் விழும்படி, குரல் பதிவுக்கு உள்ள அதே பூட்டுக்குள், விபத்து நேர்ந்தால் மட்டுமே திறக்கும்படியாக. பயணியின் உயிர் பெரிது என்பதால் மட்டும் சொல்லவில்லை. இறந்தவர் தம் பக்கம் பேச வேறு வழியில்லை என்பதால் சொல்கிறேன். அதே பூட்டைத் தையல் கூடத்துக்கும் கேட்கிறேன். 'ஸ்டாக் காணாமப் போகுதுங்க, யாரு பொறுப்பு?' என்று நண்பர்கள் சிலர் சீறுவார்கள். காணாமற்போனால் திறந்து பாருங்கள். தீப்பிடித்தால், கை மிஷினில் மாட்டினால், ஒரு பெண் புகார் கொடுத்தால் திறந்து பாருங்கள். தொழிலாளர் தரப்பில் ஒருவரும் உடனிருக்கட்டும். பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் எதற்கு?

புகார் என்றதும் இன்னொன்று. 2024 ஜனவரி 5 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானமொன்றில் கதவுப்பகுதி ஒன்று நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது. ஆனால் பதிவுக் கருவியை யாரும் உடனே நிறுத்தாததால், இரண்டு மணி நேரக் கொள்ளளவு தீர்ந்து, அந்தக் குரல்கள் தம் மேலேயே எழுதப்பட்டு அழிந்துபோயின. அதே ஆண்டு அமெரிக்கச் சட்டம் 25 மணி நேரப் பதிவைக் கட்டாயமாக்கியது. பனியன் கம்பெனியின் கேமராப் பதிவும் இப்படியே, ஹார்ட் டிஸ்க்கின் அளவைப் பொறுத்துப் பதினைந்து நாளிலோ ஒரு மாதத்திலோ தானாக அழிகிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டமோ புகார் கொடுக்க மூன்று மாதம் தருகிறது. தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். வீட்டில் சொல்லி, விடுதி வார்டனைக் கடந்து, வேலை போனாலும் பரவாயில்லை என்று ஒரு பெண் துணிந்து உள்ளகப் புகார்க் குழுவின் முன் வந்து நிற்கும் நாளில், அந்தச் சூப்பர்வைசர் அவள் மிஷினருகே எத்தனை முறை வந்து நின்றான் என்ற படம் அங்கே இருக்காது. ஆறு மாதத்துக்குப் போதுமான ஹார்ட் டிஸ்க் வாங்கி வையுங்கள் என்று எந்தத் தணிக்கையாளரும் கேட்டு நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.